கத்திரி வெயிலில் ரோடு சைக்கிள்: இரட்டைச் சுவர் தண்ணீர் பாட்டில் காசுக்குத் தகுமா?

தகும். மே மாதம் டெல்டாவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சைக்கிள் ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும், புது டயர், புது ஜெர்சி எல்லாவற்றையும் தள்ளிப் போட்டுவிட்டு முதலில் இந்த பாட்டிலை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அதை எப்படி நிரப்புவது, எதைக் கலப்பது, எப்படிக் கழுவுவது என்று தெரியாமல் வாங்கினால் பாதிப் பலன்தான் கிடைக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தஞ்சாவூர் மாவட்டப் பாபநாசத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். காலையில் கடை திறப்பதற்கு முன்னால் ரோடு சைக்கிள் ஓட்டுவது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை, அன்றைக்கு மட்டும் தூரம் போவேன். கபிஸ்தலம் போய்க் கல்லணை–பூம்புகார் சாலையைப் பிடித்து, கணபதி அக்ரகாரம், திருவையாறு, நேரம் இருந்தால் திருக்காட்டுப்பள்ளி, அதையும் தாண்டினால் கல்லணை. மாநில நெடுஞ்சாலை 22 என்பது அரசு வைத்த எண். இந்தப் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் சொத்து. தஞ்சாவூர்–கும்பகோணம் புது நான்கு வழிச்சாலை வழவழப்பாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கோடையில் அங்கே ஒதுங்க ஒரு மரம் கிடையாது. பழைய சாலையில் புளியமரம் விட்டுவிட்டாவது வருகிறது.

நான் வாங்கியது இந்த வகை: உள்ளே ஒரு பிளாஸ்டிக் சுவர், வெளியே ஒரு பிளாஸ்டிக் சுவர், நடுவில் காற்று இடைவெளியும் வெப்பத்தைத் திருப்பி அனுப்ப மெல்லிய பளபளப்புத் தாளும். கையால் பிழிந்தால் தண்ணீர் பீச்சும். சைக்கிளில் பாட்டில் மாட்டுகிற கூண்டுக்குள் சரியாக உட்காரும். 620 மில்லி பிடிக்கும். ஆயிரத்துக்குச் சற்று மேலே கொடுத்து வாங்கினேன். கம்பெனிப் பெயரை எழுதவில்லை. இந்த வகையில் பல கம்பெனிகள் விற்கின்றன, உள்ளமைப்பு கிட்டத்தட்ட ஒன்றேதான். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்பது பெயரைவிட முக்கியம்.

முதலில் எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் இந்த பாட்டிலின் அருமை புரியாது. கத்திரி வழக்கமாக மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். அப்போது ஆற்றில் தண்ணீர் இருக்காது. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடுகிறார்கள், ஜூன் 12-ல்தான் திறப்பது. காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு எல்லாம் வெறும் மணலாகக் கிடக்கும். பாலம் ஏறினால் மணலிலிருந்து கிளம்புகிற அனல் முகத்தில் அடிக்கும். இத்தனை வெயிலுக்கும் மேலே புழுக்கம். கடல் அதிகத் தூரத்தில் இல்லை, காற்றில் ஈரம் தங்கிவிடுகிறது. விடியற்காலையில் வெயில் இல்லையே என்று நம்பிக் கிளம்பினால் அப்போதுதான் ஈரம் உச்சத்தில் இருக்கும். சட்டை நனைந்து, கைப்பிடி வழுக்கி, முழங்கை நுனியிலிருந்து வியர்வை சொட்டும். வியர்வை வழிந்தால் உடம்பு குளிராது, காய்ந்தால்தான் குளிரும். வறண்ட ஊர்க்காரர்கள் நாற்பது டிகிரியில் சமாளிப்பதை நாம் முப்பத்தாறில் சமாளிக்க முடியாமல் திணறுவது இதனால்தான். சைக்கிள் ஓடும்வரை எதிர்க்காற்று இருக்கிறது, தெரியாது. ரயில்வே கேட் மூடி நின்றுவிட்டோமென்றால் அத்தனை சூடும் ஒரே நிமிடத்தில் தலைக்கு ஏறும்.

அப்படி வெளிப்பக்கம் உடம்பு குளிர வழி குறைந்துபோகும்போது, உள்ளே போகிற தண்ணீராவது குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய காரணம் வேறு. வெதுவெதுப்பான தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. சாதாரண பாட்டிலில் கொண்டுபோகிற தண்ணீர் திருவையாறு வருவதற்குள் குளியலறைத் தண்ணீர் பதத்துக்கு வந்துவிடும். இரண்டு மடக்கு குடித்துவிட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிடுவோம். வீடு திரும்பும்போது பாட்டிலில் பாதி அப்படியே இருக்கும், தலை மட்டும் விண்விண் என்று வலிக்கும். என் கடைக்கு ஞாயிறு சாயங்காலமும் திங்கள் காலையும் தலைவலி மாத்திரை கேட்டு வருகிற சைக்கிள் தம்பிகளை நான் கேட்கிற முதல் கேள்வி, "பாட்டிலில் மிச்சம் எவ்வளவு தம்பி கொண்டுவந்தீங்க?" என்பதுதான். குளிர்ந்த தண்ணீர் கையில் இருந்தால் யாரும் நினைவூட்டாமலே குடிக்கிறோம். இந்த பாட்டிலின் முழு மதிப்பும் அங்கேதான் இருக்கிறது.

சரி, எவ்வளவு நேரம் குளிர்ச்சி நிற்கிறது? அட்டையில் கம்பெனி போட்டிருப்பது, சாதாரண பாட்டிலைவிட இரண்டு மடங்கு நேரம் என்று. இதை வாய்ப்பேச்சாக விட எனக்கு மனம் வரவில்லை. கடையில் இன்சுலின் வைக்கிற ஃப்ரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பார்க்க டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்திருக்கிறோம். வயர் முனையில் சின்ன உலோகக் குச்சி இருக்கும். அதில் உபரியாக ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, வேண்டுமென்றே வெயில் ஏறிய பிறகு கிளம்பினேன். ஒரு கூண்டில் சாதாரண பாட்டில், இன்னொன்றில் இது. இரண்டிலும் ஒரே ஃப்ரிட்ஜ் தண்ணீர்.

சாதாரண பாட்டில் ஒரு மணி நேரத்துக்குள் 25 டிகிரியைத் தாண்டிவிட்டது. இது அதே நேரத்தில் இருபதுக்குக் கீழேயே நின்றது, குடித்தால் தொண்டையில் தெரிகிற குளிர்ச்சி. இரண்டு மணி நேரத்தில் இதுவும் 27 வாக்கில் வந்து சேர்ந்தது. ஆக, இரண்டு மடங்கு என்று போட்டிருப்பது பொய்யில்லை. ஆனால் அது அதிசயமும் இல்லை. வெறும் ஃப்ரிட்ஜ் தண்ணீரை ஊற்றிக்கொண்டு கல்லணை போய்வர நினைத்தால் போகும்போது குளிர்ச்சி, வரும்போது வெந்நீர்.

ஐஸ் போட்டால் கதையே வேறு. ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு மட்டும் 80 கலோரி வெப்பம் வேண்டும். அதே ஒரு கிராம் தண்ணீரைப் பூஜ்ஜியத்திலிருந்து 80 டிகிரி வரை சூடாக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. அந்த வெப்பத்தை முழுக்க ஐஸ் விழுங்கிக்கொண்டிருக்கிறவரை தண்ணீர் சூடேறாது. பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு ஐஸ் போட்டு மேலே ஃப்ரிட்ஜ் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனால், இரண்டு மணி நேரம் கழித்தும் குலுக்கினால் உள்ளே 'களக் களக்' என்று சத்தம் கேட்கிறது. ட்ரேயில் வருகிற சின்னச் சின்னக் கட்டிகளைவிட ஒரே பெரிய கட்டியாகப் போடுவது மேல், மெதுவாகத்தான் உருகும். நான் பாட்டில் வாய்க்குள் நுழைகிற அளவில் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் ராத்திரியே தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். காலையில் டம்ளரின் வெளிப்பக்கம் குழாய்த் தண்ணீரில் காட்டினால் கட்டி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அதற்காகவே சொல்கிறேன், வாங்கும்போது வாய் அகலமானதாகப் பார்த்து வாங்குங்கள். பாட்டிலையே தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் வாக்கில் பெருக்கும், உள்சுவர் விரிசல் விடும்.

இந்த பாட்டிலுக்குக் கொடுக்க வேண்டிய விலை ஒன்று உண்டு. வெளியில் பார்க்க 750 மில்லி பாட்டில் அளவில் இருக்கிறது, உள்ளே பிடிப்பது 620 தான். மீதியைச் சுவர் தின்றுவிடுகிறது. கத்திரியில் நன்றாக மிதித்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வை போவது சாதாரணம், சிலருக்கு அதற்கு மேலும் போகும். அப்படியிருக்க 620 போதாது. இரண்டும் இரட்டைச் சுவராக வாங்கத் தேவையில்லை. குடிக்க இது ஒன்று, இன்னொரு கூண்டில் பழைய சாதாரண பாட்டிலில் வெறும் தண்ணீர். அந்த இரண்டாவது பாட்டில் உடம்புக்கு வெளியே ஊற்ற. ஹெல்மெட் ஓட்டை வழியாக உச்சந்தலையில் கொஞ்சம், பிடரியில் கொஞ்சம், முன்கையில் கொஞ்சம். அது சூடாகிவிட்டாலும் பரவாயில்லை. எதிர்க்காற்றில் காயும்போது குளிர்ச்சி கொடுத்துவிடும். வெயில் ஏறி மேலக்காற்று வறட்டு வறட்டு என்று வீசுகிற நேரத்தில் இது ஏசி போட்ட மாதிரியே வேலை செய்யும். விடியற்காலைப் புழுக்கத்தில் அவ்வளவு எடுபடாது.

இந்த இடத்தில் காசில்லாத மாற்று ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லோராலும் ஆயிரம் ரூபாய் பாட்டிலுக்குக் கொடுக்க முடியாது. பழைய பருத்திக் காலுறை ஒன்றை நனைத்து சாதாரண பாட்டில் மேல் மாட்டிவிடுங்கள். காற்றுப் படப் படத் துணியிலிருந்து ஈரம் ஆவியாகி உள்ளே இருக்கிற தண்ணீரின் சூட்டை இழுத்துக்கொள்ளும். மண்பானை வேலை செய்கிற அதே கணக்கு. இதையும் அதே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் 27, 28 டிகிரியைத் தாண்டவில்லை. ஜில்லென்று இருக்காது, ஆனால் கொதிக்கவும் செய்யாது. துணி காய்ந்தால் மறுபடி நனைக்க வேண்டும், கூண்டில் மாட்டும்போது கொஞ்சம் இறுக்கும், அவ்வளவுதான் தொந்தரவு. பள்ளிக்கூடப் பையன்கள் ஓட்டுகிற சாதாரண சைக்கிளுக்கு இதுவே போதும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகிறவர்களுக்கு இது ஈடாகாது.

ஸ்டீல் தெர்மோ பாட்டில் வைத்துக்கொள்ளலாமே, அதில் சாயங்காலம் வரை ஐஸ் இருக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டில் இருப்பதுதான், பள்ளிக்கு, ஆபீசுக்கு நல்ல பொருள். சைக்கிளுக்கு ஆகாது. பிழிய முடியாது, தலையை அண்ணாந்து வாயில் கவிழ்க்க வேண்டும். அந்த ஒரு நொடி கண் சாலையை விட்டு வானத்துக்குப் போகிறது. நம்ம ஊர்ச் சாலையில் அந்த ஒரு நொடியில் பெயிண்ட் அடிக்காத வேகத்தடை வரும், ஆட்டுக்குட்டி ஓடிவரும், பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடிக்கும். எடையும் கூட. பள்ளத்தில் இறங்கினால் கூண்டில் டங்கு டங்கென்று அடித்து, கூண்டையே வளைத்துவிடும். நின்று குடிக்கிறவர்கள் வைத்துக்கொள்ளலாம்.

இனி என் கண்ணுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான பாகம்: வாய்முனை மூடி. கடையில் பாட்டிலைக் கையில் எடுத்ததும் பிழிந்து பார்க்கிறார்கள், வண்ணம் பார்க்கிறார்கள், இதை யாரும் பார்ப்பதில்லை. சைக்கிள் சட்டத்தில் (ஃப்ரேம்) பெடல் பக்கம் சாய்ந்து இறங்குகிற கீழ்க்குழாயில் மாட்டுகிற பாட்டில் முன்சக்கரத்துக்கு நேர் பின்னால் இருக்கிறது. சக்கரம் தூக்கிப் போடுகிற எல்லாம் அதன் வாயில்தான் விழும். நம் சாலையில் என்ன கிடக்கிறது? சாணி. மாசி, பங்குனி, சித்திரையில் உளுந்து, பயறு அறுவடை. செடியைச் சாலையில் பரப்பி வண்டி ஏறட்டும் என்று விட்டிருப்பார்கள், அந்தத் தூசி மூக்கில் ஏறினால் நாள் முழுக்கத் தும்மல். நெல் காயப்போட்ட இடத்தில் சுணை. லாரி போனால் மணல். இத்தனையும் ஒட்டிய ரப்பர் முனையை நேராக வாயில் வைத்து உறிஞ்சுகிறோம். மருந்துக்கடைக்காரி என்பதால் மட்டும் சொல்லவில்லை, கோடையில் வயிற்றுப்போக்கோடு சேர்ந்து வெயிலும் தாக்கினால் ஆளையே சாய்த்துவிடும். அதனால் முனைக்கு மேலே தனியாகக் கவிழ்க்கிற மூடி உள்ள பாட்டில்தான் வாங்க வேண்டும். என்னுடையதில் ஒரு கையால், கட்டைவிரலால் தள்ளித் திறக்கலாம். முதலில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. மூடி இல்லாததைச் சலுகையில் கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்து, உள்ளே என்ன ஊற்றுவது. ஒரு மணி நேரத்துக்குள் திரும்புகிறவர்களுக்கு வெறும் தண்ணீர் போதும். கிளம்புமுன் ஒரு டம்ளர் நீராகாரத்தில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டுப் போனால் அதற்கு மேல் எந்தப் பவுடரும் தேவையில்லை. அதற்கு மேல் நேரம் போனால் உப்பு வேண்டும். சட்டையில் வெள்ளை வெள்ளையாகப் படம் வரைந்திருக்கிறதே, அது உடம்பிலிருந்து போன உப்பு. உப்பில்லாமல் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்துபோகும், அது வேறு விதமான ஆபத்து.

இதற்கு நான் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைத்தான் பயன்படுத்துகிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டர் தண்ணீருக்கு மொத்தம் 20.5 கிராம்: உப்பு 2.6, குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9. பாக்கெட் பின்னால் இந்த நான்கும் இதே அளவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இங்கேதான் 620 மில்லி பாட்டில் ஒரு வில்லங்கத்தை இழுத்து வருகிறது. ஒரு லிட்டர் பாக்கெட்டைக் கிழித்து அப்படியே இந்த பாட்டிலில் கொட்டிக் குலுக்குகிறார்கள். அப்படிச் செய்தால் ஒன்றரை மடங்குக்கும் மேல் கெட்டியான கரைசல் ஆகிவிடும். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடும், வயிறு பிரட்டும், சிலருக்கு வயிற்றால் போகும். 200 மில்லி தண்ணீருக்கென்று சின்ன பாக்கெட் விற்கிறோம். அதில் மூன்று போட்டு 600 மில்லி கோடுவரை ஊற்றினால் கணக்குச் சரியாக வரும். ஐஸ் போடுகிறவர்கள் ஐஸையும் சேர்த்துத்தான் அந்த அளவு. உருகினால் அதுவும் தண்ணீர்தானே. பாட்டிலின் பக்கத்தில் அளவுக்கோடு அச்சிட்டிருக்கிறதா என்று நான் பார்க்கச் சொல்வது இதற்காக. இரட்டைச் சுவரில் பெரும்பாலும் உள்ளே தண்ணீர் மட்டம் தெரியாது. கோடு இல்லையென்றால் வீட்டில் ஒரு தடவை அளந்து ஊற்றி, எந்த இடம் வருகிறது என்று உள்ளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டைப்பெட்டியில் ஸ்ட்ரா ஒட்டி விற்கிற இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்கினவர்கள் எத்தனையோ பேர். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உணவுப் பொருளாக விற்கிற பானங்கள் தங்கள் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று உத்தரவு போட்டது. நல்ல காரியம். ரத்த அழுத்தம், சிறுநீரகத் தொந்தரவு, இதய நோய் உள்ளவர்கள் மட்டும் உப்புக் கரைசல் எதையும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு குடியுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதிலிருக்கிற குளுக்கோஸையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மோர் ஊற்றலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நீர்மோருக்கு நிகராக ஒன்றும் இல்லை, ஆனால் இந்த பாட்டிலில் ஊற்றாதீர்கள். கறிவேப்பிலைத் துணுக்கு ஒன்று வாய்முனைக்குள் இருக்கிற ரப்பர் வால்வில் மாட்டினால் பாட்டில் அடைத்துக்கொள்ளும். புளித்த வாடை உள்சுவரில் ஏறினால் எத்தனை கழுவினாலும் லேசாக இருந்துகொண்டே இருக்கும். மோர் குடிக்கத்தான் சித்திரை, வைகாசியில் ஊருக்கு ஊர் தண்ணீர்ப் பந்தல் இருக்கிறதே. கீற்றுப் பந்தலின் கீழே, ஈரத்துணி சுற்றிய பானை, மேலே கவிழ்த்த டம்ளர். நிறுத்தி, இறங்கி, நிழலில் நின்று குடித்துவிட்டுப் போகலாம். அந்த ஐந்து நிமிட நிழல் பாட்டிலால் தர முடியாத ஒன்று.

கணபதி அக்ரகாரம் தாண்டி சாலையோரம் நுங்கு வெட்டுகிற ஒரு அம்மா இருக்கிறார். முதல் முறை நான் நின்றபோது ஹெல்மெட்டையும் கைநீளச் சட்டையையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்த வெயில்ல ஒத்தையா எங்கம்மா போற?" என்றார். திருவையாறு வரை என்றேன். பாட்டிலை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "வெளிய ஜில்லுன்னே இல்லையே, உள்ள எப்படி இருக்கும்?" என்று கேட்டார். மூடியைத் திறந்து அவர் உள்ளங்கையில் கொஞ்சம் பீச்சினேன். கையை முகத்தில் தடவிக்கொண்டு, "அடி ஆத்தி" என்றார். வெளிப்பக்கம் ஜில்லென்று இல்லாததுதான் நல்ல இரட்டைச் சுவருக்கு அடையாளம். குளிர் உள்ளே தங்குகிறது, வெளியே வியர்க்காது, கை வழுக்காது. கடையில் சோதித்து வாங்க நினைத்தால் ஐஸ் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் வையுங்கள். வெளிச்சுவரில் முத்து முத்தாக நீர் கட்டினால் அந்த பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

தண்ணீர் மறுபடி நிரப்புவதைப் பொறுத்தவரை, வழியில் பம்புசெட் ஓடுகிற இடம் கண்ணில் பட்டால் விடாதீர்கள். மும்முனைக் கரண்ட் இருக்கிற நேரத்தில் கோடை நெல்லுக்கோ பருத்திக்கோ தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும். கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். தலையையும் கைகளையும் அந்தக் குழாய்க்கடியில் காட்டிவிட்டு, இரண்டாவது பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். குடிக்கிற பாட்டிலுக்கு மட்டும் நான் வயல் தண்ணீர் எடுப்பதில்லை. டீக்கடையில் கேன் தண்ணீர் வாங்கி ஊற்றிக்கொள்கிறேன். டீ குடிக்காமல் தண்ணீர் மட்டும் கேட்டாலும் கொடுக்கிறார்கள், இருந்தாலும் ஒரு டீயோ ஒரு கடலைமிட்டாயோ வாங்கிக்கொள்வது மரியாதை.

குறைகளும் உண்டு. இரட்டைச் சுவர் என்பதால் பிழிவதற்கு இறுக்கம். என் கை சின்னது, ஏற்கெனவே வியர்வையில் வழுக்குகிறது, பாலத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது பலமாகப் பிழிய வேண்டியிருக்கிறது. இதைவிடப் பெரிய குறை, வாங்கிய முதல் பாட்டிலில் சில வாரத்திலேயே இரண்டு சுவருக்கும் நடுவே தண்ணீர் புகுந்துவிட்டது. அடிப்பக்க ஒட்டு சரியில்லை. அந்த இடைவெளியில் தண்ணீர் நின்றுவிட்டால் இரட்டைச் சுவருக்கு அர்த்தமே இல்லை, உள்ளே பாசியும் பிடிக்கும், கழுவவும் வழியில்லை. விற்றவர்கள் மாற்றித் தர நிறைய அலைக்கழித்தார்கள், பில்லைப் பத்திரமாக வைத்திருந்ததால் கடைசியில் மாற்றிக்கொடுத்தார்கள். மாற்றி வந்தது இதுவரை உறுதியாக இருக்கிறது. வாங்கிய அன்றே நிரப்பிக் கவிழ்த்து ஒரு ராத்திரி வைத்து, காலையில் குலுக்கிப் பாருங்கள். சுவர்களுக்கு இடையே ஓசை கேட்கக் கூடாது.

உயரம் குறைந்தவர்களும், பெண்களில் பெரும்பாலானவர்களும் கவனிக்க வேண்டிய ஒன்று: நம்முடைய சைக்கிள் சட்டம் சின்னது. முக்கோணத்துக்குள் இடம் குறைவு. பாட்டிலின் விட்டம் பொதுவாக 73, 74 மில்லிமீட்டர், எல்லாக் கூண்டுக்கும் பொருந்தும். உயரம்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. என் சட்டத்தில் இருக்கைக் குழாய்க் கூண்டில் இந்த பாட்டிலை வைத்தால் மேல்குழாயில் தலை இடிக்கிறது, எடுக்கும்போது முழங்காலில் மோதுகிறது. அதனால் இது கீழ்க்குழாயில், உயரம் குறைந்த சாதாரண பாட்டில் இருக்கைக் குழாயில். சைக்கிளைக் கடைக்கு எடுத்துப்போய் மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். ஆன்லைனில் வாங்குவதானால் உயரத்தை அளவுநாடாவால் அளந்துகொண்டு வாங்குங்கள்.

வண்ணம் வெள்ளையோ வெளிர்நீலமோ எடுங்கள். கறுப்பு அழகாக இருக்கும், வெயிலைக் குடிக்கும்.

எத்தனை நல்ல பாட்டிலாக இருந்தாலும் நேரம் தப்பினால் காப்பாற்றாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மேயில் ஐந்தரை மணிக்குள் கிளம்பி எட்டரைக்குள் வீடு வந்துவிட வேண்டும் என்பது என் கணக்கு. உடம்பு வெயிலுக்குப் பழக பத்துப் பதினான்கு நாள் ஆகும், வெளியூரில் இருந்து லீவுக்கு வருகிற பிள்ளைகள் முதல் நாளே கல்லணைக்குப் போகாதீர்கள். அந்த வெயிலிலும் உடம்பு சிலிர்த்தாலோ தலை சுற்றினாலோ உடனே இறங்கி நிழலுக்குப் போய் உடம்பை நனையுங்கள். கூட வருகிறவர் உளற ஆரம்பித்தாலோ நினைவு தடுமாறினாலோ 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வருகிறவரை தண்ணீரை உடம்பில் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். நினைவு சரியில்லாதவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றக் கூடாது.

கழுவுகிற விஷயத்தில் சோம்பல் கூடாது. டெல்டாப் புழுக்கத்தில் இரண்டு நாள் மூடி வைத்தால் வால்வு ரப்பரின் மடிப்பில் கறுப்புப் பூஞ்சை வந்துவிடும். வீடு வந்ததும் மேல்மூடியைக் கழற்றி, வால்வைத் தனியாக இழுத்து எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் சோடா உப்புப் போட்டு ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள். கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் உள்சுவர் கோணிக்கொள்ளும், மொட்டைமாடி வெயிலிலும் காயப்போட வேண்டாம். சமையலறை நிழலே போதும். வால்வைக் கழற்ற முடியாத மாடல்களும் சந்தையில் இருக்கின்றன, அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். முதலில் தேய்வதும் அந்த ரப்பர்தான். அதனால் உதிரி வால்வு தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டு, கிடைத்தால் பாட்டிலோடு சேர்த்தே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.